வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களின் கடைசியில் மூட்டு நோயாளிகளுக்காக ஒரு வகுப்பு தொடங்கியது. வடிவமைத்தவர் கேட் லோரிக். செவிலியர் படிப்பு முடித்து, பிறகு பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்குத் துணை நின்றவர் ஹால்ஸ்டெட் ஹோல்மன் என்ற மருத்துவப் பேராசிரியர். வாரம் ஒரு நாள், 2 மணி நேரம், மொத்தம் 6 வாரம். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். எந்த உடற்பயிற்சியை எப்படிச் செய்வது, இறுகிக் கிடக்கும் தசைகளை எப்படித் தளர்த்துவது, மருந்துகள் என்ன செய்கின்றன, மருத்துவரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று பாடம் போகும்.

சில மாதங்கள் கழித்து அளந்து பார்த்தார்கள். வந்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. உடற்பயிற்சி செய்வது கூடியிருந்தது. சொல்லிக்கொடுத்ததைச் செய்தார்கள், அதனால் வலி குறைந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். லோரிக்கின் குழு அங்கே நிற்கவில்லை. அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்குத்தான் வலி அதிகமாகக் குறைந்ததா என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். விடை அவர்களையே திகைக்க வைத்தது. இரண்டுக்கும் இருந்த தொடர்பு மிகவும் பலவீனமானது. ஒழுங்காகச் செய்தவர் சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிதாக எதுவும் செய்யாத சிலர் நன்றாகத் தேறியிருந்தார்கள். தங்கள் வகுப்பின் பலனைத் தங்கள் பாடத்தைக் கொண்டு விளக்க முடியவில்லை என்று 1989இல் ஓர் ஆய்விதழில் அவர்களே எழுதினார்கள். அறிவியலில் இப்படி எழுதுவதற்குத் தனி நேர்மை வேண்டும்.

அந்தப் புதிருக்கு வருமுன் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் மூட்டுவலி என்றால் எல்லாம் ஒன்று என்ற எண்ணம் இருக்கிறது. வயதாக ஆக முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு. இங்கே பேசுவது முடக்குவாதம். இதில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, மெல்ல மெல்ல அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் விரல்களின் அடிமூட்டிலும் மணிக்கட்டிலும் தொடங்கும், இரண்டு கைகளிலும் ஒன்றுபோல வரும். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். உலக மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு இந்த நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளில், வீட்டு வேலையும் வெளி வேலையும் தலைக்கு மேல் இருக்கும் காலத்தில்தான் பலருக்கும் வந்து சேர்கிறது.

மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் இந்த நோயின் போக்கையே மாற்றிவிட்டன. ஆனால் நோய் தீர்ந்து போவதில்லை, அடங்குகிறது. சில வாரம் நன்றாக இருக்கும், திடீரென்று கிளம்பும். மருத்துவரைப் பார்ப்பது ஆண்டுக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். மீதி நேரமெல்லாம் நோயாளி தன் கைகளோடு தனியாகத்தான் இருக்கிறார். எதைத் தூக்குவது, எப்போது ஓய்வெடுப்பது, இன்று வீங்கியிருப்பதற்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுகளுக்கு ஒருவரைத் தயார்ப்படுத்துவதுதான் இந்த வகுப்புகளின் வேலை.

ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்புவோம். தேறியவர்களையும் தேறாதவர்களையும் உட்கார வைத்துப் பேசிப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. தேறியவர்கள், நோயை ஓரளவு தங்கள் பிடிக்குள் வைத்திருக்க முடியும் என்று பேசினார்கள். மற்றவர்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பேசினார்கள். அதே பல்கலைக்கழகத்தில்தான் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் இருந்தார். ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் நம்புவது, அவர் அதில் இறங்குவாரா, இடையில் விடாமல் தொடர்வாரா என்பதைத் தீர்மானிக்கிறது என்று 1977லேயே அவர் எழுதியிருந்தார். இது ‘எல்லாம் நன்மைக்கே’ என்கிற பொதுவான நம்பிக்கை வகை கிடையாது. ‘வலி இருந்தாலும் இன்று 10 நிமிடம் நடந்துவிடுவேன்’ என்பது போல ஒரு செயலைப் பற்றிய, அளந்து பார்க்கக்கூடிய நம்பிக்கை. லோரிக்கின் குழு அதை அளப்பதற்கென்றே ஒரு வினாத்தாள் தயாரித்தது. வகுப்பில் இந்த நம்பிக்கை உயர்ந்தவர்களுக்குத்தான் வலியும் குறைந்திருந்தது.

நம்பிக்கை எங்கிருந்து வரும் என்பதற்கும் பண்டூரா வழி சொல்லியிருந்தார். தானே செய்து ஜெயித்துப் பார்ப்பது முதல் வழி. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. உடம்பு காட்டும் அறிகுறிகளைப் புதிதாகப் புரிந்துகொள்வதும், மற்றவர்கள் ஊக்கமாகச் சொல்வதும் அதற்குப் பிறகு. வகுப்பை இந்த வழிகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் ஒரு திட்டம் சொல்ல வேண்டும்: என்ன செய்யப் போகிறேன், எவ்வளவு, எந்த நேரத்தில், வாரத்தில் எத்தனை நாள். ‘உடற்பயிற்சி செய்யப் போகிறேன்’ என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘திங்கள், புதன், வெள்ளி மாலையில் தெரு முனைவரை நடப்பேன்’ என்றால் சரி. அடுத்து ஒரு கேள்வி: இதைச் செய்து முடிப்பீர்கள் என்று 0 முதல் 10க்குள் எவ்வளவு நம்பிக்கை? 7க்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சுருக்கிவிடுவார்கள். பெரிய திட்டம் போட்டுத் தோற்பதைவிடச் சிறிய திட்டம் போட்டு ஜெயிப்பது மேல் என்பது கணக்கு. அடுத்த வாரம் வந்து, நடந்ததா இல்லையா என்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். நடக்காவிட்டால் யாரும் திட்டுவதில்லை. எது தடுத்தது, என்ன செய்யலாம் என்று வட்டத்தில் இருப்பவர்களே யோசனை சொல்வார்கள்.

வகுப்பை யார் நடத்துவது என்பதிலும் ஒரு சுவாரசியமான சோதனை நடந்தது. மருத்துவத் துறையினர் நடத்திய வகுப்புகளையும், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் நடத்திய வகுப்புகளையும் ஒப்பிட்டு 1986இல் வெளியிட்டார்கள். வல்லுநரிடம் படித்தவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவு கூடுதலாக வளர்ந்திருந்தது. சாதாரணமானவர்களிடம் படித்தவர்கள், தசை தளர்த்தும் பயிற்சியை வீட்டில் கூடுதலாகச் செய்தார்கள். உடல் இயலாமையும் அவர்களுக்குச் சற்றுக் குறைவாகத் தெரிந்தது. தெரிந்துகொள்வதும் செய்வதும் தனித்தனி வண்டியில் போகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

1993இல் வந்த நான்காண்டுக் கணக்குதான் இந்த வகுப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வகுப்பு முடிந்து 4 ஆண்டுகளுக்குப் பிறகும் பங்கேற்றவர்களின் வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அதே காலத்தில் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது. நோய் தன் பாட்டுக்கு முன்னேறியிருக்கிறது, வலி மட்டும் பின்வாங்கியிருக்கிறது. முடக்குவாத நோயாளி ஒருவருக்கு 4 ஆண்டுகளில் 648 டாலர் மருத்துவச் செலவு மிச்சம் என்றும் மதிப்பிட்டார்கள். செலவு மிச்சம் என்ற சொல் அரசாங்கங்களின் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டுமா? பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இதே பாணியில் ‘நிபுணத்துவ நோயாளிகள் திட்டம்’ என்ற ஒன்றை 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது.

ஆர்வம் ஓடிய வேகத்துக்குச் சான்று ஓடவில்லை. இப்படிப்பட்ட வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால், ஏற்கெனவே ஓரளவு முனைப்பு உள்ளவர்கள்தான். அவர்கள் வகுப்பு இல்லாமலும் தேறியிருப்பார்களோ என்ற சந்தேகம் தீர, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் அப்படி 812 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவர்கள் முடக்குவாதக்காரர்கள் இல்லை, இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள். ஆனால் வகுப்பு லோரிக் வழியில் வந்ததுதான். ஓராண்டு கழித்து நம்பிக்கை கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. வலியிலோ, நடமாட்டத்திலோ, மருத்துவரைப் பார்க்கும் எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

முடக்குவாதத்துக்கென்றே நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2003இல் சொன்னதும் ஏறக்குறைய இதே தொனிதான். வகுப்பு முடிந்தவுடன் இயலாமை, மனச்சோர்வு, நோய் எப்படி இருக்கிறது என்ற நோயாளியின் சொந்த மதிப்பீடு ஆகியவற்றில் சிறிய முன்னேற்றம் உண்டு. நீண்ட காலத்துக்கு அது நிலைத்ததற்குச் சான்று இல்லை. அந்த மதிப்பாய்வில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு வரி இருக்கிறது. வெறும் தகவல் கொடுத்த திட்டங்களால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. பழக்கத்தை மாற்றும் பயிற்சி கொடுத்த திட்டங்களில்தான் அந்தச் சிறிய பலனும் இருந்தது. மருத்துவமனை வரவேற்பறையில் அடுக்கி வைத்திருக்கும் பளபளப்பான கையேடுகளுக்கு இது நல்ல செய்தி இல்லை.

‘சிறிய’ என்பதை எதோடு வைத்துப் பார்ப்பது என்றும் கேட்க வேண்டும். 1996இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, கல்வியால் வலி குறையும் அளவு, வழக்கமான வலி நிவாரணி மாத்திரைகளால் குறையும் அளவில் 20 முதல் 30 சதவீதம் இருக்கும் என்று கணித்தது. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மாத்திரை கொடுத்தது போக மேலே கிடைத்தது இது, வயிற்றுப் புண்ணும் வராது.

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மிக நல்ல பாடம் ஸ்டான்ஃபோர்டில் இல்லை, இங்கிலாந்தின் ஒரு சமையலறையில் இருக்கிறது. அலிசன் ஹாமண்ட் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் நிபுணர்), மூட்டுகளைச் சேதமின்றிப் பயன்படுத்தும் முறைகளை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஆராய்ந்தார். அந்த முறைகள் ஏன் தேவை என்பதற்கு ஓர் எண் போதும்: நுனிவிரலால் 1 கிலோ விசையில் எதையாவது கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் விழும் அழுத்தம் சுமார் 12 கிலோ. நல்ல மூட்டு இதைத் தாங்கும். சவ்வு வீங்கித் தசைநார்கள் தளர்ந்த விரல் அடிமூட்டு, நாள்தோறும் நூறு முறை இப்படி இழுபட்டால், சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கும். முடக்குவாதக் கைகளின் அந்தச் சாய்வைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே விரல் செய்யும் வேலையை உள்ளங்கைக்கு மாற்று, ஒரு கை செய்வதை இரண்டு கைக்குப் பிரி, கையில் தொங்கும் பையை முழங்கைக்கோ தோளுக்கோ ஏற்று. இவைதான் விதிகள்.

ஹாமண்டின் ஆரம்ப ஆய்வுகளில், நோயாளிகள் தேநீர் போடுவதையும் சிற்றுண்டி செய்வதையும் வீடியோ எடுத்தார்கள். அதில் 20 செயல்களைப் பிரித்து, எதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று மதிப்பெண் போட்டார்கள். வழக்கமான பாணியில் வகுப்பெடுத்த பிறகு, விதிகளைக் கேட்டால் எல்லாரும் ஒப்பித்தார்கள். வீடியோவில் கை பழையபடியே கெட்டிலைத் தூக்கியது. முப்பது வருடப் பழக்கம் மணிக்கட்டில் இருக்கிறது, அது கரும்பலகையைப் பார்ப்பதில்லை.

அதனால் வகுப்பை மாற்றினார். மொத்தம் 8 மணி நேரம். பேச்சைக் குறைத்து, அடுப்பையும் பாத்திரத்தையும் கொண்டுவந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். வீட்டில் இந்த வாரம் எந்த ஒரு பழக்கத்தை மாற்றுவது என்று எழுதி வாங்கினார். 127 பேரைப் பிரித்து நடத்திய ஆய்வின் ஓராண்டு முடிவு 2001இல் வந்தது. வழக்கமான வகுப்புக்குப் போனவர்களைவிட, பயிற்சி வகுப்புக்குப் போனவர்களுக்குக் கைவலியும் காலை இறுக்கமும் குறைவு, நோய் கிளம்பிய முறைகள் குறைவு, மருத்துவரிடம் போனதும் குறைவு. 4 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் புதிய பழக்கம் அவர்கள் கையில் இருந்தது. விரல், மணிக்கட்டு மூட்டுகளின் உருக்குலைவும் குறைவாக இருந்தது. கல்வியின் பலன் கரைந்துபோகும் என்று மதிப்பாய்வுகள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கைக்கே கொடுத்த கல்வி மட்டும் கரையாமல் நின்றது.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பட்டியல் மாறும். கெட்டில் இருக்கும் இடத்தில் சோற்றுப்பானை வரும். கஞ்சி வடிக்கக் கவிழ்ப்பது, தேங்காய் துருவுவது, ஈரத்துணியைப் பிழிவது, குழாயடியிலிருந்து குடத்தைக் கொண்டுவருவது எல்லாம் விரல் அடிமூட்டை இழுக்கும் வேலைகள். துணியைக் குழாயில் சுற்றி உள்ளங்கையால் முறுக்கலாம். சோற்றை வடிக்காமல் குக்கரில் வைக்கலாம், அல்லது பானையைத் தூக்காமல் கரண்டியால் அள்ளி வடிதட்டில் போடலாம். சொல்லிவிட்டேன். ஹாமண்டின் ஆய்வுப்படி, இதைப் படித்ததால் மட்டும் யார் கையும் மாறப் போவதில்லை.

குழு என்றதும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று தோன்றும். நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் ரீம்ஸ்மா, டால் ஆகியோரின் குழு அப்படித்தான் நினைத்தது. முடக்குவாத நோயாளிகள் 218 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரைத் தனியாகவும், ஒரு பகுதியினரைக் கணவன் அல்லது மனைவியோடும் வகுப்புக்கு அழைத்தார்கள். மீதிப் பேருக்குப் புத்தகம் மட்டும். முடிவு 2003இல் வெளியானது. தனியாக வந்தவர்களுக்கு நம்பிக்கை உயர்ந்தது, களைப்பு குறைந்தது. துணையோடு வந்தவர்களுக்கு நம்பிக்கை குறைந்தது, களைப்பு கூடியது!

ஏன் என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வில் வழியில்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். துணை பக்கத்தில் இருக்கும்போது நோயாளி மனம் விட்டுப் பேசுவதில்லை. எவ்வளவு கஷ்டம் என்று கேட்டறிந்த துணை, அக்கறையில் வேலைகளையெல்லாம் தானே எடுத்துக்கொள்கிறார். செய்து ஜெயிக்கும் வாய்ப்பு நோயாளியின் கையைவிட்டுப் போகிறது. நம் மருத்துவமனைகளில் மருத்துவர் மனைவியைப் பார்த்து ‘என்னம்மா பண்ணுது?’ என்று கேட்டால், கணவர் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறோம். குடும்பத்துக்கும் பாடம் வேண்டும்தான். ஆனால் அதே அறையில், அதே நேரத்தில் வேண்டாம் போலிருக்கிறது.

குழுவுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. போன மாதம் நோய் கண்டறியப்பட்ட 32 வயதுப் பெண்ணை, இருபது வருடமாக நோயோடு இருந்து விரல்கள் கோணிப்போன பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ‘எனக்கும் இதுதானா?’ என்ற பயம்தான் அவர் அன்று வீட்டுக்குக் கொண்டுபோகும் பாடம். அந்தப் பாட்டிக்கு நோய் வந்த காலத்தில் இன்றைய மருந்துகளில் பல இல்லை என்பதை யாராவது அங்கேயே எடுத்துச் சொல்ல வேண்டும். தன்னைப் போன்றவரைப் பார்த்து நம்பிக்கை பெறுவது என்ற பண்டூராவின் வழி, எதிர்ப்பக்கமும் வெட்டும் கத்தி.

நோய் மருந்தில் அடங்கிய பிறகும் பலரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு இது. வெளியே தெரியாது; வீட்டில் சோம்பல் என்று பெயர் வாங்கிக் கொடுக்கும். அழற்சி, வலி, கெட்ட தூக்கம், தசை பலவீனம், மனச்சோர்வு எல்லாம் கலந்து வருவதால் இதற்கென்று ஒரு மாத்திரை இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த சாரா ஹியூலெட் தலைமையில் 7 மருத்துவமனைகளில் 333 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வந்தது. உளவியலாளர்கள் கிடைப்பது அரிது என்பதால், அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் செவிலியர்களுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளுக்கும் பயிற்சி கொடுத்து இரண்டிரண்டு பேராக வகுப்பெடுக்க வைத்தார்கள். நோயாளிகள் தங்கள் நாளை வண்ணப் பென்சிலால் நிரப்புவார்கள்: கடுமையான வேலைக்கு ஒரு நிறம், லேசான வேலைக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. தாள் பேசும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் ஒரேயடியாகச் செய்து, அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பது அதில் பட்டையாகத் தெரியும். நடத்துபவர் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும்.

பலன்? களைப்பின் பாதிப்பை அளக்கும் 10 புள்ளி அளவுகோலில், களைப்பைப் பற்றிய கையேட்டை வைத்துச் சுருக்கமாகப் பேசி அனுப்பியவர்களைவிட 0.59 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. சின்ன எண்தான். இரண்டு ஆண்டுகள் வரை அது பெரும்பாலும் நிலைத்தது.

தகவலே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. உயிரைக் காக்கும் தகவல்களும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்து எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்த வேண்டும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது. இவையெல்லாம் ஒரு முறை தெளிவாகச் சொன்னால் போதுமானவை. கையையும் நாளையும் மாற்றும் விஷயங்கள்தான் சொன்னால் போதாதவை.

ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பான யூலார் 2015இல் வெளியிட்ட பரிந்துரைகள், நோயாளிக் கல்வியைச் சிகிச்சையின் பகுதியாகவே வைக்கின்றன. தனியாகவோ குழுவாகவோ நடத்தலாம், பயிற்சி பெற்ற நோயாளிகளும் நடத்தலாம் என்கின்றன. இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மூட்டுவாதப் பிரிவு இயங்கும் நாளில் நம் மருத்துவமனைகளின் நடைக்கூடத்தில் ஏற்கெனவே இருபது முப்பது பேர் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஓர் அறை, பத்து நாற்காலி, ஒரு பிசியோதெரபிஸ்ட் அல்லது செவிலியர், சில பாத்திரங்கள், ஒரு வாளித் துணி இருந்தால் தொடங்கிவிடலாம். பிரிவுத் தலைவர்கள் யோசிக்கலாம்.

இந்த நோய் உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது, இப்படி வகுப்பு ஏதாவது நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால், கேட்டுவிட்டு வரும் வகுப்பா, கையால் செய்து பார்க்கும் வகுப்பா என்று பார்த்துச் சேருங்கள். வகுப்புக்குப் போகிறோம் என்பதற்காக மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மேலே சொன்ன எந்த ஆய்விலும் வகுப்பு மருந்துக்கு மாற்றாக நடத்தப்படவில்லை.